அளவுத்திருத்த ஆய்வகங்களை நடத்துவோருக்கு: திரும்பி வருகிறவர்களை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வக உரிமையாளர்களுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கோவை, ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று எங்கெல்லாம் தொழிற்சாலைகள் இருக்கின்றனவோ அங்கெல்லாம் நீங்கள் காலிப்ரேஷன் லேப் நடத்துகிறீர்கள். ஒரு வெர்னியரோ பிரஷர் கேஜோ சொல்வதை நம்பலாமா என்று ஒரு கம்பெனிக்குத் தெரிய வேண்டுமானால் அவர்கள் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு லேபில் நானும் வேலை பார்த்தேன். நீள அளவில் தொடங்கி, அழுத்தம், வெப்பநிலை என்று மூன்று பிரிவுகளிலும் மேசைக்கு மேசை மாறிக் கற்றுக்கொண்டேன். பிறகு இரண்டாவது குழந்தை, அதையடுத்து மாமியாரின் நீண்ட படுக்கை. வேலையை விட்டேன். பத்தாண்டுக்கும் மேலாகிவிட்டது. இப்போது திரும்பி வர விரும்புகிறேன்.

எனக்காக மட்டும் இதை எழுதவில்லை. டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து, டயல் கேஜும், எடைகளை வைத்து அழுத்தம் உண்டாக்கும் டெட்வெயிட் டெஸ்டரும் கையாண்டு பழகிய பெண்கள் இன்று டியூஷன் எடுத்துக்கொண்டும், வாட்ஸ்அப்பில் சேலை விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். வளைகுடாவுக்கு வேறு வேலைக்குப் போய்த் திரும்பிய ஆண்களும், அப்பாவின் கடையைப் பார்க்க ஊருக்குப் போய் மீண்டும் வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது. விண்ணப்பத்தில் இருக்கும் அந்த இடைவெளியைப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது.

அண்மையில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். "இப்ப எல்லாம் மாறிடுச்சே, அசெஸர் வந்தா உங்க ஃபைலைத்தான் முதல்ல கேப்பாரு" என்றார்கள். லேபின் அங்கீகாரத்துக்காகச் சோதிக்க வருபவரைத்தான் அசெஸர் என்கிறோம். அத்துடன் முடிந்தது. மைக்ரோமீட்டரைப் பற்றியோ, ஓர் அளவில் எவ்வளவு ஐயம் உண்டு என்று சொல்லும் அன்சர்டன்டியைப் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை. பக்கத்து அறையில் சர்ஃபேஸ் பிளேட் இருந்தது, கம்பேரட்டர் இருந்தது, நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுத் துண்டுகளான ஸ்லிப் கேஜ்களின் பெட்டி இருந்தது. அரை நாள் அங்கே உட்கார வைத்திருந்தால் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எண்களாகவே வெளிவந்திருக்கும்.

இந்த மடலில் நான் கேட்பது அதை மட்டும்தான். இடைவெளியைப் பார்த்து நிராகரிக்காதீர்கள். எங்களை அளந்து பாருங்கள். அதற்கான முறை உங்கள் கையிலேயே இருக்கிறது.

அசெஸரைக் காரணம் காட்டுவது சரியல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் லேப்களின் திறனுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025; அதன் 2017 பதிப்பை வரி வரியாகப் படித்தேன். "தொடர்ச்சியான பணி" என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. ஊழியர்களைப் பற்றிய 6.2 பிரிவு லேபிடம் கேட்பது இவற்றைத்தான்: எந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்று நீங்களே வரையறுக்க வேண்டும், அதற்கேற்ப ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, மேற்பார்வையில் வைத்து, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அதிகாரமளித்து, பிறகும் திறனைக் கண்காணித்து வர வேண்டும், இவை அனைத்துக்கும் பதிவு இருக்க வேண்டும். பதிவு இருந்தால் அசெஸரிடம் காட்டப் பதில் இருக்கிறது. சர்டிபிகேட்டில் கையெழுத்திடும் பொறுப்புக்கு, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தனியாக வைத்திருக்கும் எதிர்பார்ப்புகள் வேறு. வந்த முதல் நாளே அந்தப் பேனாவைக் கொடுங்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து அளக்க விடுங்கள் என்கிறோம்.

அதே தரநிலையின் 6.4.4-ஐ உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒரு கருவியை முதன்முறையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போதும், வெளியே போயிருந்த கருவியை மீண்டும் பயன்பாட்டுக்கு எடுக்கும்போதும், அது தேவையான அளவுக்கு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்பது அந்த விதி. பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த ஸ்லிப் கேஜ் செட்டை நீங்கள் யாரும் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. துடைத்து, துருவும் கீறலும் இருக்கின்றனவா என்று பார்த்து, அளக்க அனுப்புகிறீர்கள். எஃகு நாளாக நாளாக நிலைப்பட்டுவிடும் என்பதால் பழைய செட்டுக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. கருவிக்குக் கொடுக்கும் இந்த வாய்ப்பை ஆளுக்கும் கொடுங்கள்.

எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். 7.7.1-ஐத் திறந்து பாருங்கள். முடிவுகள் நம்பகமானவையா என்று கண்காணிக்கும் வழிகளின் பட்டியல் அங்கே இருக்கிறது. திரும்பத் திரும்ப அளத்தல், கைவசம் வைத்திருக்கும் பொருளை மறுபடி அளத்தல், லேபுக்குள்ளேயே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுதல், விடை தெரியாமல் கொடுக்கப்படும் மாதிரியை அளத்தல் எல்லாம் அதில் உண்டு. அடுத்த ஆடிட்டுக்காக எப்படியும் இவற்றைச் செய்யத்தான் போகிறீர்கள். அதில் ஒன்றைத் திரும்பி வருகிற ஒருவரிடம் கொடுங்கள்.

என் யோசனை இது. வெளி லேபில் அண்மையில் அளந்து வந்த ஒரு 0-25 மி.மீ. மைக்ரோமீட்டரை எடுங்கள். அதன் சர்டிபிகேட்டை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். உங்கள் செயல்முறை ஆவணத்தையும், ஸ்லிப் கேஜ் செட்டையும், அதன் சர்டிபிகேட்டையும் எங்களிடம் கொடுங்கள். படிக்க அரை நாள், அளக்க ஒரு நாள், ஐயத்தின் பங்குகளைக் கணக்கிடும் அன்சர்டன்டி பட்ஜெட் போட அரை நாள் விடுங்கள். பிறகு உறையைப் பிரியுங்கள். இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு அன்சர்டன்டிகளின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் இ.என். எண் கிடைக்கும். 25 மி.மீ. புள்ளியில் வெளி லேபினர் +1.0 மைக்ரான் பிழை என்றும், நாங்கள் +2.0 என்றும் எழுதியிருக்கிறோம், இருவரது அன்சர்டன்டியும் 1.5 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.0; வகுக்க வேண்டியது ஏறத்தாழ 2.12, இ.என். 0.47. ஒன்றுக்குள் இருக்கிறது, சரி.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய ஊழியர் அளந்த அளவோடு எங்கள் அளவை ஒப்பிட்டால், இருவரும் அதே ஸ்லிப் கேஜைத்தான் பயன்படுத்தியிருப்போம். அதன் அன்சர்டன்டி இரு பக்கமும் பொதுவாக இருப்பதால் வகுக்கும் எண் தேவைக்கு மேல் பெரிதாகி, சுமாராக அளந்தவரும் தேறிவிடுவார். அதனால்தான் வெளி லேபின் சர்டிபிகேட் என்றேன். உள்ளுக்குள் ஒப்பிடுவதானால் இருவரது ரீடிங் சிதறலையும் சராசரிகளின் வித்தியாசத்தையும் நேராகப் பாருங்கள். தேர்வு எளிதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நேர்காணலில் கேட்கவும் நல்ல கேள்விகள் இருக்கின்றன. மைக்ரோமீட்டரை ஏன் 5, 10, 15 என்று முழு எண்களில் மட்டும் சோதிக்காமல் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று போகிறோம் என்று கேளுங்கள். திருகின் புரி 0.5 மி.மீ. முழு எண்களில் மட்டும் நின்றால், சுழலும் உருளையான திம்பிள் ஒவ்வொரு முறையும் அதே சுழியக் கோட்டில் வந்து நிற்கும். சுற்றின் மற்ற பாகங்களில் இருக்கும் பிழை கண்ணில் படாமலே போய்விடும். அந்த வினோதமான எண்கள் திம்பிளைச் சுற்றின் வெவ்வேறு இடங்களில் நிறுத்துகின்றன. இதை விளங்கச் சொல்பவர் வேலையை உணர்ந்து செய்தவர். ஆப்டிகல் ஃபிளாட் என்ற தட்டையான கண்ணாடியை, மைக்ரோமீட்டரின் அசையாத முகமான ஆன்வில் மேல் வைத்து, தெரியும் ஒளிக் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள்; ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 0.3 மைக்ரான் என்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அழுத்தப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர்கள் புவியீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள். டெட்வெயிட் டெஸ்டரின் எடைகள் பெரும்பாலும் நியம ஈர்ப்பான 9.80665-க்குப் பொறிக்கப்பட்டு வருகின்றன. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் அது 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கும். திருத்தம் போடாமல் விட்டால் கால் சதவீதத்துக்குச் சற்று மேல் பிழை. 100 பார் என்று எடை வைத்தால் உண்மையில் வருவது 99.7-க்கும் 99.8-க்கும் இடையில். டெஸ்டரின் துல்லியம் 0.05 சதவீதம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு அதைப் போல் ஐந்து மடங்குப் பிழையை சர்டிபிகேட்டில் ஏற்றிக் கொடுக்கலாமா? இது தெரிந்தவர் பத்தாண்டு வீட்டில் இருந்தவர் என்றால் என்ன குறைந்துவிட்டது? நாங்கள் போன பிறகு கோவையின் ஈர்ப்பு மாறிவிடவில்லை.

மாறியவை என்ன என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் தயக்கத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. நான் வெளியேறியபோது 17025-இன் 2005 பதிப்பு நடப்பில் இருந்தது. 2017 பதிப்பு லேபின் ஆபத்துகளையும் வாய்ப்புகளையும் யோசிக்கச் சொல்கிறது. நடுநிலையை முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. குவாலிட்டி மேனேஜர் என்ற பதவிப் பெயரைக்கூட வற்புறுத்துவதில்லை. இவற்றை ஒரு வாரத்தில் படித்து விளங்கிக்கொள்ளலாம். உண்மையான மாற்றம், கருவி தேறியதா இல்லையா என்று முடிவு செய்யும் டிசிஷன் ரூலில்தான் இருக்கிறது.

அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளும் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு மைக்ரோமீட்டருக்கு அனுமதி ±4 மைக்ரான். அளந்ததில் பிழை +3.5. உங்கள் அன்சர்டன்டி 1.2. இது தேறியதா? முன்பு பல இடங்களில் 3.5 என்பது 4-க்குள் இருக்கிறதே என்று 'ஓகே' போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இப்போது தேறியது, தேறவில்லை என்று எழுதுவதானால், எந்த விதியின்படி அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே வாடிக்கையாளரோடு பேசி முடித்திருக்க வேண்டும். அன்சர்டன்டியைக் கழிக்காமல் எல்லையை மட்டும் பார்க்கும் எளிய ஏற்பு விதி என்றால் இந்தக் கருவி தேறும். ஆனால் எல்லையை ஒட்டி நிற்கிற அளவில் முடிவு தவறாகப் போகும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம். அன்சர்டன்டி அளவுக்கு எல்லையிலிருந்து உள்ளே தள்ளிக் காப்புப் பட்டை விட்டால் ஏற்பு எல்லை 2.8-க்கு இறங்கிவிடும், கருவி தேறாது, தவறான ஏற்பின் வாய்ப்பும் 2.5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆய்வக அங்கீகார அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐலாக் 2019-இல் வெளியிட்ட ஜி8 வழிகாட்டி இதைத் தெளிவாகப் பேசுகிறது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் தெரியும், போனில் வரும் வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் "ஓகேவா இல்லீங்களா, அதை மட்டும் போட்டுக் குடுங்க மேடம்" என்பதுதான். அவரை உட்கார வைத்து, உங்கள் ஷாஃப்ட் எந்த டாலரன்ஸில் ஓடுகிறது, இந்தக் கருவி அதற்குப் போதுமா என்று பொறுமையாகப் பேசி ஒரு விதியை ஒப்புக்கொள்ள வைக்க மனிதர்களோடு பேசிப் பழகிய ஒருவர் வேண்டும். பள்ளியோடும் மருத்துவமனையோடும் வங்கியோடும் ஆண்டுக்கணக்கில் மன்றாடிப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை வந்துவிடுகிறது. அது விண்ணப்பத்தில் எழுத முடியாத திறன்.

இன்னொரு பெரிய மாற்றம் உலக அளவில் நடந்தது. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடை அளவுகளுக்கான பொது மாநாடு கிலோகிராமுக்குப் புதிய வரையறை கொடுத்தது. 1889 முதல் பாரிசுக்கு அருகே பாதுகாத்து வந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையின் இடத்தில் பிளாங்க் மாறிலி வந்தது. ஆம்பியர், கெல்வின், மோல் ஆகியவையும் மாறிலிகளுக்கு மாறின. 2019 மே 20 முதல் நடைமுறை. செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் இந்தியாவின் 57-ஆம் எண் கிலோகிராம் நினைவுக்கு வந்தது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன் நம் வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பது இந்தத் துறைக்கு வந்த ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை பெரிய மாற்றம் வந்தும் நம் லேப் மேசையில் என்ன மாறியது? எஃப்1 என்ற துல்லிய வகை எடை எஃப்1 எடையாகவே இருக்கிறது. வோல்ட் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு நகர்ந்தது. நாம் அன்றாடம் வைத்திருக்கும் ஆறரை இலக்க மீட்டருக்கு அது தெரியாது. வெப்பநிலைக்கு இன்றும் 1990-இன் பன்னாட்டு அளவுகோலான ஐ.டி.எஸ்.-90 தான். பனியும் நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும் நீரின் மும்மைப் புள்ளி இன்றும் 0.01 டிகிரி செல்சியஸ்தான்; அதற்கு ஒரு மிகச் சிறிய அன்சர்டன்டி வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. பாதரச வெப்பமானிகள்தான் மெல்ல லேபை விட்டுப் போகின்றன. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அவற்றின் காலத்தை முடித்துவைக்கிறது. அந்த இடத்துக்கு வரும் பிளாட்டினம் மின்தடை வெப்பமானியான பிடி100-ஐ நாங்கள் அன்றே கையாண்டவர்கள்.

கையில் இருக்கும் தொழில் எப்படிப்பட்டது என்று சொல்ல ஒரு எடுத்துக்காட்டு போதும். 100 மி.மீ. எஃகு ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 1.15 மைக்ரான் நீளும். அதே நீளமுள்ள கிரேடு 0 ஸ்லிப் கேஜுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 0.3 மைக்ரான். ரெஃபரன்ஸும் அளக்கப்படுவதும் எஃகாக இருந்து, இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இந்த நீட்சி பெரும்பாலும் கழிந்துபோகும். ஒன்றை மட்டும் விரலால் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்தால் கதை முடிந்தது. ஏ.சி. 20 டிகிரி காட்டுகிறது என்பதால் கேஜ் 20 டிகிரியில் இருக்கிறது என்று ஆகிவிடாது. பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, தட்டில் பரப்பி, காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது பெரிய துண்டுக்கு ஒன்று, சிறிய துண்டுக்கு வேறு. அந்தக் காத்திருப்பை அவசரப்படுத்தாத மனம்தான் இந்தத் தொழிலின் அடித்தளம் என்பது என் கருத்து. திரும்பி வரத் தீர்மானித்த பிறகு, கோவை கணபதி பகுதியில் ஒரு தெரிந்த லேத் பட்டறையில் ஸ்லிப் கேஜ் செட்டை வாங்கி இரண்டு துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். முகத்தோடு முகம் வைத்து நழுவவிடும்போது, ஒரு கட்டத்தில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த இழுவை விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. படிவங்களின் பெயர்களும், லேபின் அளவீட்டுத் திறனைக் குறிக்க பி.எம்.சி. என்று நாங்கள் பழகியது சி.எம்.சி. ஆனதும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தன. அளக்கிற கை அப்படியே இருக்கிறது.

இப்போது சற்று கசப்பான ஒன்றைப் பேசியாக வேண்டும். ரீடிங் எடுக்காமல் ரீடிங் எழுதும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. நேரம் இல்லை, நாளைக்குள் அறுபது கேஜ் போக வேண்டும், போன ஆண்டு சர்டிபிகேட் பக்கத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து ஒரு இலக்கம் கூட்டிக் குறைத்து எழுதிவிடலாம். இதைச் செய்யச் சொன்ன இடங்களையும், செய்ய மறுத்து வேலையை விட்டவர்களையும் இந்தத் துறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஐந்து ரீடிங்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கும் ஷீட்டைப் பார்த்தால் அனுபவமுள்ளவருக்கு உடனே சந்தேகம் வரும். கருவியின் ரெசல்யூஷன் பெரிதாக இருந்தால் அப்படி வரலாம். நுண்ணிய கம்பேரட்டரில் எல்லாப் புள்ளியிலும் அப்படி வந்தால் யாரோ உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிரஷர் கேஜில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு என்றால் அதையும் நான் நம்பமாட்டேன். அந்த கேஜ் போய் உட்காரப் போவது ஏதோ ஒரு பாய்லர் மேல். அதன் கீழே ஒருவர் வேலை செய்கிறார்.

இதில் திரும்பி வருகிறவர்களின் மதிப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன். இருபத்தோரு வயதுப் பிள்ளைக்கு மேலாளரிடம் "இந்த ரீடிங் நான் எடுக்கல சார், போட மாட்டேன்" என்று சொல்வது கடினம். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். வீட்டையும் நோயையும் கடனையும் பார்த்து வந்த நாற்பது வயதுப் பெண்ணுக்கு அதைச் சொல்ல வாய் வரும். பக்கத்து மேசைப் பிள்ளையும், "அக்கா சொல்றாங்கல்ல" என்று தைரியம் கொள்ளும். உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் என்.ஏ.பி.எல். முத்திரையை நீண்ட காலம் காப்பாற்றித் தருவது இப்படிப்பட்டவர்கள்தான்.

ஆள் நிற்பதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். டிப்ளமோ முடித்து வருகிற பிள்ளைகள் வேலை பழகியதும் பெரிய கம்பெனியின் குவாலிட்டி பிரிவுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள், மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அவர்கள் போவதில் தவறில்லை. ஆனால் இங்கேயே வீடும் பள்ளியும் அமைந்து, நாளைக்கு ஊரை விட்டுப் போகாத ஒருவர் உங்கள் வாசலில் நிற்கும்போது அவரைத் திருப்பி அனுப்புவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நேரம் பற்றியும், வாடிக்கையாளர் இடத்துக்கே போய் அளக்கும் ஆன்சைட் வேலை பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். மில்களும் ஃபவுண்டரிகளும் கருவிகளைக் கழற்றிக் கொடுப்பது வேலை நிற்கும் நாட்களில்தான். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் விடுமுறையில் மற்றவர்கள் வீட்டில் இருக்கும்போது நம் ஆட்கள் வேனில், வெப்பமானிகளைச் சோதிக்கும் டிரை பிளாக்கை ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் திரும்பி வர நினைக்கிற பல பெண்களுக்கு அந்தப் பயணம் இயலாது. ஆனால் லேபுக்குள் நடக்கும் வேலைக்கு வேறு தாளம் உண்டு. காலையில் வந்த கருவி நிலைப்பட நேரம் வேண்டும். மாலையில் பரப்பி வைத்தால் மறுநாள் காலை அளக்கலாம். ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை ஒருவர் நீள அளவு மேசையை முழுமையாகக் கவனித்துக்கொள்ள முடியும். ஆன்சைட்டுக்கும் லேப் மேசைக்கும் ஒரே ஆளைக் கேட்கும் வழக்கத்தை விட்டு, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அன்சர்டன்டி பட்ஜெட் புதுப்பித்தல், எக்செல் ஷீட் சரிபார்ப்பு, இடைக்காலச் சோதனைகளின் கண்ட்ரோல் சார்ட் ஆகியவை எப்போதும் தள்ளிப்போய், ஆடிட்டுக்கு முந்தைய வாரம் விடிய விடிய நடக்கிற வேலைகள். அவற்றுக்கு ஆள் கிடைப்பார்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதல் மூன்று மாதம் பயிற்சி ஊதியம் என்றால் ஏற்கலாம். அதிகாரமளிப்புப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகும் புதிதாகப் படித்து வந்தவருக்குக் கொடுப்பதையே கொடுத்தால் அது நியாயமில்லை.

ஆராய்ச்சித் துறையில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகள் திரும்பி வர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. லேப் மேசையில் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு கதவு திறந்து நான் பார்த்ததில்லை. அரசை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கோவை லேப்கள் நான்கு சேர்ந்து ஆண்டுக்கொரு முறை இந்த உறைத் தேர்வை நடத்தினால் போதும். ஒரு லேப் கருவி கொடுக்கட்டும், ஒரு லேப் இடம் கொடுக்கட்டும், தேறியவர்களின் பட்டியலை எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஓட்ட அளவீட்டில் ஆர்வமுள்ளவர்களுக்கு வாளையாறு தாண்டினால் கஞ்சிக்கோட்டில் எஃப்.சி.ஆர்.ஐ. என்ற ஓட்டக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பம்ப் ஊரான கோவைக்கு அந்தப் பக்கத்து நிறுவனத்தோடு இன்னும் நெருங்கிய உறவு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆயுத பூஜை ஷட்டவுன் வேலைகளுக்கு ஆட்களை ஒதுக்கும் பேச்சு விரைவில் உங்கள் அலுவலகங்களில் தொடங்கும். ஆன்சைட்டுக்கு ஆட்கள் போய்விட்டால் அந்த வாரம் லேப் மேசை காலியாகத்தான் இருக்கும், வந்த கருவிகள் தேங்கும். இந்த ஆண்டு அந்த வாரத்தில் ஒரு மேசையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். மைக்ரோமீட்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள், உறையை நீங்களே ஒட்டுங்கள். தேறவில்லை என்றால் எந்தப் புள்ளியில், எவ்வளவு விலகலில் தேறவில்லை என்று எழுதிக் கொடுங்கள். படித்துவிட்டு அடுத்த ஆண்டும் வருவோம்.

இப்படிக்கு,
அளவுத்திருத்தப் பணிக்குத் திரும்ப விரும்பும் ஒரு பொறியாளர்,
கோயம்புத்தூர்